எட்டுக் கூம்புகள்

பேர்னில் இருந்து வந்த பொதியில்
சொக்கிலேற்றுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி.
அதற்குள் வெல்வெற்று. வெல்வெற்றுக்குள்
எட்டுப் பித்தளைக் கூம்பு.
"ஸ்பீக்கருக்குக் கீழ வை மச்சான்,
பெட்டி நடுங்காது, பாட்டுத் துலங்கும்"
என்று கருணைராசன் குரல் அனுப்பினான்.
விலை கேட்டேன், சிரித்தான்.
அவன் மகன்தான் பிறகு சொன்னான்.
அந்தக் காசுக்கு மல்லாவியில்
கன்றோடு ஒரு மாடு பிடிக்கலாம்.

என் பெட்டிகள் இரண்டும்
குலவீரன் முதிரைப் பலகையில் அடித்துத் தந்தவை.
தூக்க இரண்டு பேர் வேண்டும்.
முதிரை நடுங்குமா?
கை வைத்துப் பார்த்தேன். நடுங்கியது,
படுத்திருக்கும் நாயின் விலாவைப் போல.

நான் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன்.
அதிர்வு எனக்குப் புதிது இல்லை.
ஆணி இறுக்காத பம்பு
இரவோடு இரவாக வரம்பு தாண்டி நடக்கும்.
லொறி ரயரில் ஒரு துண்டு வெட்டி வைத்தால்
நின்ற இடத்தில் நிற்கும்.
ஆனால் பம்பு பாடுவதில்லையே.

பெட்டிமேல் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தேன்.
நாதஸ்வரத்துக்கு அது பேசாமல் இருந்தது.
தவிலுக்கு வட்டம் வட்டமாக விரிந்தது.
கூம்பு வைத்தேன், வட்டம் குறைந்தது.
கூம்பை எடுத்துவிட்டுச் சைக்கிள் ரியூப்பை
நாலாக மடித்து வைத்தேன், இன்னும் குறைந்தது.
வீடு கட்டி மிஞ்சிய மணலைச் சாக்கில் கட்டி
மேலே ஏற்றினேன்.
தண்ணீர் கண்ணாடி.

சரி, தண்ணீருக்குத் தெரிகிறது. காதுக்கு?
கண்ணை மூடிக் கதிரையில் இருந்தேன்.
சுபாங்கினியும் பக்கத்து வளவு நிமலதாசும்
வைத்தும் எடுத்தும் பத்துத் தரம் மாற்றினார்கள்.
ஆறு தரம் சரியாகச் சொன்னேன்.
"காசு சுண்டினாலும் அஞ்சாறு வரும்" என்றாள்
முதுகைப் பிடித்தபடி.
கடைசி இரண்டு தரமும் ஒன்றும் மாற்றவில்லையாம்.
தூக்குவதுபோல் முனகினார்களாம்.
நான்தான் "ஆ, இப்ப துலங்குது" என்றேனாம்.

எல்லாத் தரமும் கேட்டது
ஒரே ஒரு கிர்ர்.
தேடிப் போனால், ஜன்னல் கண்ணாடி
சட்டத்தோடு ஒட்டாத ஒரு மூலை.
தீப்பெட்டி மட்டையைக் கிழித்துச் செருகினேன்.
அன்றுதான் பாட்டு உண்மையில் துலங்கியது.

ஏ ஒன்பதில் மணல் ரிப்பர் போகையில்
பாட்டே இல்லாமல் தம்ளரில் வட்டம் வருகிறது.
மாங்குளம் முழுவதற்கும் கீழே வைக்க
கருணைராசனிடம் கூம்பு இல்லை.

ஆனாலும் வந்த பொருள் வீணாகக் கூடாது.
கூம்பு, அதன் கீழே ரியூப், மேலே மணல்,
எல்லாவற்றையும் வைத்துவிட்டேன்.

தையற்கடை பூட்டிவிட்டு
மைத்துனி தர்மினி வந்தாள்.
வழமைபோல் தரையில் இருந்து
வலப் பெட்டியில் தோளைச் சாய்த்தாள்.
பன்னிரண்டு வயதில்
அந்தச் சித்திரையோடு போனவை அவளுடைய காதுகள்.
பதுங்குகுழிக்குள் தரை எப்படி வந்து போனது என்று
அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.
தவில் எங்கே இறங்குகிறது என்பதை மட்டும்
பெட்டியில் விரலால் தட்டிக் காட்டுவாள்.

கொஞ்ச நேரம் சாய்ந்திருந்தாள்.
விரல் அசையவில்லை.
தோளை மாற்றினாள். கன்னத்தை வைத்தாள்.
பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து,
தன் குரலின் அளவு தெரியாமல் கேட்டாள்:
"கரண்ட் போட்டுதோ?"

தலைக்குமேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
தனி ஆவர்த்தனம், முழுச் சத்தத்தில்.

நிமலதாசைக் கூப்பிட்டேன்.
மணலை இறக்கினோம், ரியூப்பை உருவினோம்,
கூம்பு நாலையும் எடுத்தோம்.
வலப் பெட்டி வெறும் சீமெந்தில் இறங்கியது.
அவள் விரல் தட்டத் தொடங்கியது,
தாளத்துக்கு ஒரு மயிரிழை பிந்தி.

இடப் பெட்டியை அப்படியே விட்டேன்.
"வித்தியாசம் தெரியுதோ மச்சான்?" என்று
கருணைராசன் கேட்டான்.
தெரியுது என்றேன். பொய் இல்லை.

மிச்ச நாலு கூம்பும் தையற்கடையில் இருக்கின்றன,
வெட்டிய துணி காற்றுக்குப் பறக்காமல்.
அந்த வேலைக்கு நல்ல சாமான்.
அந்த விலைக்கு இல்லை.